முரளி சொன்னதும் லலிதா அக்கா சொன்னதும்

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து இறங்கும் கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்று போனை எடுத்தேன்.

"வணக்கம். நான் முரளி பேசறேன். ரேவதி, அக்கா போயிட்டா. வீட்டுக்கு வா."

அது முரளியின் குரல் இல்லை. முரளி பேசுவதைப் புரிந்துகொண்டு, தெளிவான உச்சரிப்பில் திருப்பிச் சொல்லும் கணினிக் குரல். அதை உருவாக்கியவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் கேட்பதற்கும், மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்கும், அக்கா இறந்துவிட்டாள் என்று சொல்வதற்கும் அதற்கு ஒரே தொனிதான். அழும் குரலும் தேவைப்படும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, முரளியின் சொந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள எந்த இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் உங்களில் பலர் லலிதா அக்காவைப் பார்த்திருப்பீர்கள். உயரமாக, ஒல்லியாக, சக்கர நாற்காலியில் தம்பியை உட்கார வைத்து முடிச்சூர் சாலையின் மேடுபள்ளங்களில் தள்ளிக்கொண்டு போவார். பேருந்து பின்னால் வந்து ஹாரன் அடித்தாலும் அவசரப்பட மாட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அவருடைய அம்மா இறந்தபோது வேலையை விட்டுவிட்டார். முரளிக்குப் பிறவியிலேயே கை, கால், நாக்கு எதுவும் சொன்னபடி கேட்காது. அறிவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் பேசினால் வார்த்தைகள் ஒன்றோடொன்று குழைந்து, இழுத்துக்கொண்டு வரும். அம்மாவுக்குப் பிறகு அதைப் புரிந்துகொள்ள இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் லலிதா அக்காதான்.

நான் அவரை முதலில் சந்தித்தது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். கேளம்பாக்கத்தில் இருந்த எங்கள் சிறிய நிறுவனம், தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பலவிதமான குரல்கள் வேண்டும். "தமிழ் புரியும் கணினிக்கு உங்கள் குரலைத் தாருங்கள்" என்று வாசலில் பேனர் கட்டி, வருகிறவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தோம். லலிதா அக்கா தம்பியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேஜையில் இருந்த எங்கள் ஆள் முரளியைப் பார்த்துவிட்டு, "அவருக்கு வேணாம்மா. நீங்க வேணா பேசுங்க" என்றான்.

முரளி தலையை ஆட்டி, முகமெல்லாம் சிவக்க, நீளமாக ஏதோ சொன்னார். எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நாங்கள் லலிதா அக்காவைப் பார்த்தோம்.

"பரவால்ல, கூட்டம் குறைஞ்சப்புறம் எடுத்துக்கங்கன்னு சொல்றான்" என்றார் அவர், சிரித்த முகத்தோடு.

அந்தப் பெருந்தன்மை என்னை உறுத்தியது. கூட்டம் குறைந்த பிறகு நானே அவர்களை உள்ளே அழைத்துப் பதிவு செய்தேன். பின்பு சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கே போக ஆரம்பித்தேன். எல்லோருக்கும் புரிகிறவர்களின் பேச்சைக் கணினிக்கும் புரியவைப்பது ஒரு வசதி. யாருக்குமே புரியாத ஒருவரின் பேச்சைப் புரியவைத்தால் அது அவருக்கு வாழ்க்கையையே மாற்றிவிடும். அப்போதைய மேனேஜரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அலுவலக வேலைக்குப் பாதகம் இல்லாமல் செய்துகொள் என்றார்.

கணினிக்கு ஒருவரின் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் முறையை எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். பேசியது என்ன என்று சொல்லுக்குச் சொல் எழுதித் தர வேண்டும். ஒலியையும் எழுத்தையும் மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொள்ளும். முரளியின் பேச்சை எழுதித் தர லலிதா அக்காவைத் தவிர யாரால் முடியும்? அவர் மத்தியானங்களில் உட்கார்ந்து எழுதித் தந்தார். சலிக்காமல் தந்தார். ஆனால் கணினி கற்றுக்கொள்ளவே இல்லை. மாதக்கணக்கில் முயன்றும் முரளி ஒன்று சொன்னால் அது வேறொன்று சொன்னது. முரளியின் நாக்கைக் குறை சொல்லி எல்லோரும் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டோம்.

ஒருநாள் அலுவலகத்தில் ஒரு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். முரளி ஒரு மூச்சில் ஏதோ சொல்லி நிறுத்திவிடுகிறார். லலிதா அக்கா அதற்கு எழுதியிருந்தது: "எனக்கு இப்போ பசிக்கல, கொஞ்ச நேரம் கழிச்சுச் சாப்பிடறேன்." அவ்வளவு குட்டி ஒலிக்குள் அத்தனை சொற்கள் எப்படி அடங்கும்? அதற்குள் எனக்கே முரளியின் பேச்சு கொஞ்சம் பழகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் சொன்னது "எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை போனபோது லலிதா அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். முரளி உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ எழுதச் சொன்னது அவன் என்ன சொல்ல வர்றான்னுதானே?"

"இல்லக்கா. என்ன சொல்றாரோ அது. சொல்லுக்குச் சொல்."

"அவன் திட்டறதையுமா?"

"ஆமாக்கா."

"என்னைத் திட்டறதையுமா?"

நான் தலையாட்டினேன். அவர் கத்தியை எடுத்து மறுபடி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

"அன்னிக்கு மண்டபத்துல அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'தமிழ் புரியற கம்ப்யூட்டர்னு போர்டு வெச்சிருக்கானுங்க, நான் பேசறது என்ன தெலுங்கா, மூஞ்சியப் பாரு'ன்னான். அதை அப்படியே சொல்லியிருந்தா நீங்க எங்களை உள்ள விட்டிருப்பீங்களா?"

விட்டிருப்போமா என்று எனக்கு இன்றும் தெரியாது. நாற்பது வருடங்களாக அவர் செய்துவந்தது அதுதான். பஸ் கண்டக்டரிடம், டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், கல்யாண வீடுகளில் உறவினர்களிடம் முரளியின் கோபத்தையும் கிண்டலையும் வடிகட்டி, பணிவான ஒரு முரளியை எல்லோருக்கும் காட்டிவந்தார். அந்தப் பணிவான முரளிக்கு எல்லோரும் உதவினார்கள். உண்மையான முரளியை யாருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து அவர் எல்லாவற்றையும் திருத்தி எழுத ஆரம்பித்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் பதிவிலிருந்து. இதை நான் எளிதாக எழுதிவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நமக்கு நெருங்கிய ஒருவர் நம்மைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு கடுஞ்சொல்லையும் நாமே காதால் மறுபடி கேட்டு, நாமே கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் ஒப்புக்கொள்வோம்? சில சமயம் ஹெட்போனோடு தனியாகச் சிரிப்பார். சில சமயம் கழற்றி வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஒருமுறை என்னைப் போனில் அழைத்தார்.

"ரேவதி, இதுல ஒரு எடத்துல அவன் அம்மா வேணும்னு அழறான். நான் 'தலை வலிக்குது'ன்னு எழுதியிருக்கேன்."

"ஏன்க்கா?"

"தலைவலின்னா மாத்திரை கொடுக்கலாம். அம்மாவுக்கு நான் எங்க போறது?" பிறகு, "மாத்தி எழுதிட்டேன். நீ பழசை அழிச்சிடு" என்றார்.

அதன்பின் கணினி கற்றுக்கொள்ளத் தொடங்கியது. முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு வேகமாக. முரளியின் நாற்காலியில் ஒரு போனைப் பொருத்தினோம். அவர் பேசினால் திரையில் எழுத்து வரும், உடனே குரலும் வரும். யாரையாவது அழைக்க வேண்டுமென்றால் பெயரைச் சொன்னால் போதும். அது சரியாக வேலை செய்த முதல் நாள், நாங்கள் எல்லோரும் முரளி ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"காபில சக்கரை ஜாஸ்தி" என்றது கணினி.

"உனக்கு சக்கரை புடிக்கும்டா."

"புடிக்காது. சின்ன வயசுலேர்ந்து சொல்றேன்."

லலிதா அக்கா எங்களைப் பார்த்தார். "சொல்லியிருக்கான். நான்தான் விளையாடறான்னு நினைச்சேன்" என்றார். முரளி உடல் குலுங்கச் சிரித்தார். அன்று அந்த வீட்டில் எல்லோரும் சர்க்கரை இல்லாத காபி குடித்தோம்.

குரோம்பேட்டையில் அவர்கள் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் அந்த மாதம் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் எப்போதும்போல லலிதா அக்காவைப் பார்த்து, "தம்பிக்கு எப்படி இருக்கு?" என்றார். முரளி பேசினார். கணினி சொன்னது: "புது மாத்திரை போட்டா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, டாக்டர். போன தடவையே சொன்னேன்." டாக்டர் திடுக்கிட்டு, மறுபடியும் லலிதா அக்காவிடமே, "அப்படியா?" என்று கேட்டார்.

"என்னைப் பார்க்காதீங்க சார். பேசினது அவன்" என்றார் அக்கா.

டாக்டர் தன் நாற்காலியை நகர்த்தி முரளிக்கு நேராகப் போட்டுக்கொண்டார். அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வெளியே வந்தபோது லலிதா அக்காவின் முகம் வாடியிருந்தது. "போன தடவை சொன்னான்தான். எல்லாத்துக்கும் குறை சொல்றானேன்னு நான் டாக்டர்கிட்ட சொல்லல" என்றார். 

இதுவரை சொன்னதெல்லாம் அந்த இயந்திரத்தின் நன்மைகள். அது கொண்டுவந்த வலியையும் சொல்லாமல் விட்டால் அக்காவுக்குப் பிடிக்காது. ஒரு சனிக்கிழமை, நான் மென்பொருளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே, முரளி திடீரென்று கேட்டார்.

"கோயம்புத்தூர்லேர்ந்து ஆளுங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா அக்கா?"

எனக்கு விளங்குவதற்காக லலிதா அக்காவே சொன்னார். முரளிக்கு இருபது சொச்சம் வயது இருக்கும்போது, கோயம்புத்தூரில் அவரைப் போன்றவர்கள் தங்கி வேலை கற்றுக்கொள்ளும் ஓர் இல்லத்திலிருந்து வந்தார்களாம். வருகிறாயா என்று முரளியைக் கேட்டார்களாம்.

"நான் வரேன்னு சொன்னேன்" என்றது கணினி.

"தெரியும்."

"நீ அவங்ககிட்ட, அவனுக்கு இஷ்டம் இல்லன்னு சொன்ன."

"ஆமா."

"நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். எனக்குக் காது கேக்கும்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் அதற்கு வராது. முரளியின் கழுத்து நரம்புகள்தான் புடைத்திருந்தன. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீ இரு" என்றார் அக்கா என்னிடம். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா அப்பதான் போயிருந்தாங்க. வேலையையும் விட்டாச்சு. நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்டடா பேசறது?"

 முரளி கணினிக்கு எட்டாத அளவுக்கு மெதுவாக ஏதோ சொன்னாரோ என்னவோ, திரை காலியாகவே இருந்தது. அக்கா, "இப்ப வேணா கேளு. இப்ப நீயே சொல்லலாம்" என்றார். "இந்த வயசுல யாரு சேத்துப்பாங்க" என்றார் முரளி. அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. அதன்பின் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு தெருவில் தண்ணீர் நின்றது. முரளி வார்டு அலுவலகத்துக்கு விடாமல் போன் செய்து சண்டை போட, அக்கா பக்கத்தில் நின்று "இன்னும் நல்லாக் கேளு" என்று தூண்டிவிட, எப்படியோ பேச்சு திரும்ப வந்தது. மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் வந்த ஒரு வருடத்தில்தான் லலிதா அக்கா தனியாக வெளியே போய்ப் பழகினார். முதல்முறை ஒரு மத்தியானக் காட்சிக்குச் சினிமாவுக்குப் போனார். முடிந்ததும் என்னை அழைத்தார். "ரேவதி, படம் நல்லாவே இல்ல. ஆனா எழுந்திரிக்காம முழுசாப் பார்த்தேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்தப் படம் முடியும் வரைக்கும் முரளிக்கு என்ன வேண்டும் என்பதைக் கூட இருந்தவரிடம் முரளியே சொல்லிக்கொண்டார்.

அப்போது கோவளம் பக்கத்து மீனவக் குடியிருப்பிலிருந்து அஞ்சலை என்ற பெண்மணி எங்களைத் தேடி வந்தார். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவருடைய கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. லலிதா அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்.

"அவுரு இன்னா சொல்றாருன்னு எனக்குப் புரியுதும்மா" என்றார் அஞ்சலை. "ஆனா நான் கூடையத் தூக்கிகினு போயிட்டா யாருக்குப் புரியும்? செவுத்தப் பார்த்துகினு கெடக்கறாரு. தண்ணின்னு கேட்டாக்கூட கொடுக்க ஆளு இல்ல. பெரிய பேஜாராக் கீதும்மா."

லலிதா அக்கா அவருக்கு வேலையை விளக்கினார். "அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. எழுதறதை நான் பார்த்துக்கறேன். ஆனா அழகா மாத்தாதீங்க. நான் மாத்திட்டு ரொம்ப கஷ்டப்பட்டேன்."

"மாத்தறதுக்கு இன்னா கீது? வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதான்."

"அதுதான் வேணும்" என்றார் அக்கா. கட்டிலில் கிடந்த அந்த மனிதர், நோய் வந்தபிறகு முதல்முறையாகச் சிரித்தார் என்று அஞ்சலை பின்னால் சொன்னார்.

அக்கா வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து அங்கே போய்வந்தார். பதிவுகள் சேர்ந்துகொண்டே வந்தன. தண்ணீர், வலி, அலை எப்படி இருக்கிறது என்ற கேள்வி, இப்படிச் சில சொற்களைக் கணினி பிடிக்கவும் ஆரம்பித்தது. அந்த நிலையில் எங்கள் நிறுவனத்துக்குப் புதிய மேனேஜர் வந்தார். எங்கள் மென்பொருளை வாங்குகிறவர்கள் கடைகளும் வங்கிகளும்தான், அவர்களின் வாடிக்கையாளர்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை என்று சொல்லி இந்த வேலையை நிறுத்திவிட்டார். வாதாடிப் பார்த்தேன். முரளியின் கணினியை மட்டும் தொடர்ந்து இயக்க அனுமதி கிடைத்தது. யாருடைய பேச்சு ஏற்கனவே எல்லோருக்கும் புரிகிறதோ அவர்களுக்காகவே இந்த இயந்திரங்கள் மேலும் மேலும் நன்றாகிக்கொண்டிருக்கின்றன. ரயில்வே கவுன்ட்டரில் திக்கி நிற்பவருக்கும், மருத்துவமனையில் வலியைச் சொல்லத் தெரியாமல் முழிப்பவருக்கும் அவை வந்து சேர இன்னும் எத்தனை காலம் ஆகுமோ.

"அஞ்சலைகிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார் லலிதா அக்கா. பிறகு தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. மீன் குடுத்து அனுப்பினாங்க" என்றார்.

அவர் இறந்த நாள் காலையில் நடந்ததை முரளி என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். அதனால் அதையும் எழுதுகிறேன். அக்கா முரளிக்குக் காபி கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. முரளி கூப்பிட்டார். பதில் இல்லை. கட்டிலருகே நிறுத்தியிருந்த நாற்காலியின் போனிடம் மாடி வீட்டு சேகர் சாரை அழைக்கச் சொன்னார். சேகர் சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல அண்டைவீட்டுக்காரர். போனை எடுத்தார். "வணக்கம்" என்று கணினிக் குரல் ஆரம்பித்ததுமே வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோதும் வைத்துவிட்டார். மூன்றாவது முறை எரிச்சலோடு முழுவதையும் கேட்டார், பதறிக்கொண்டு கீழே ஓடிவந்தார்.

"லோன் வேணுமான்னு கேக்கற விளம்பரம்னு நினைச்சுட்டேம்மா" என்று அவர் என்னிடம் சொன்னார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. அப்படி வரும் அழைப்புகளை நானும் வைத்துவிடுகிறேன், நீங்களும் வைத்துவிடுவீர்கள். அந்த 'வணக்கம்' லலிதா அக்கா கேட்டுச் சேர்த்தது. "எடுத்த எடுப்புல விஷயத்துக்குப் போனா நல்லா இருக்காது. முதல்ல வணக்கம் சொல்லட்டும், யாருன்னு சொல்லட்டும்" என்று சொல்லியிருந்தார். தம்பியின் பேச்சில் அவர் வைத்துக்கொண்ட கடைசிப் பணிவு அது ஒன்றுதான். மருத்துவமனையில், விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும், முன்னால் வந்திருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார்கள். அது உண்மையா, ஆறுதலா என்று எங்களுக்குத் தெரியாது. முரளி அதை நம்பவில்லை. இப்போது அவசர அழைப்புகளில் அந்த வணக்கத்தை எடுத்துவிட்டோம். மற்றவற்றில் இருக்கட்டும் என்று முரளி சொல்லிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது உறவினர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், முரளி பக்கத்தில் இருக்கும்போதே, என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இவனுக்கு விஷயம் தெரியுமா? சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

கணினி பதில் சொன்னது: "சித்தப்பா, உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னதே நான்தான்."

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முரளியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மயானத்துக்குப் புறப்படும் முன், யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சேகர் சார் சொன்னார். எல்லோரும் முரளியைப் பார்த்தார்கள். நேராக அவரையே பார்த்தார்கள். "அவ எனக்காகப் பொய் சொன்னா. எனக்காகவே நிறுத்தினா. நிறுத்தறதுதான் கஷ்டம்" என்றார் முரளி. 

முரளி சென்ற வாரம் கோயம்புத்தூருக்குப் போன் செய்தார். அந்த இல்லம் இன்னும் இருக்கிறது. வயது தடையில்லை என்றார்களாம். போனில் சண்டை போட்டு வேலை வாங்கத் தெரிந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று சிரித்தார்களாம். அடுத்த மாதம் கிளம்புகிறார். இருபதுகளில் போயிருக்க வேண்டிய இடத்துக்கு, தலை நரைத்தபின், கேட்டுக் கோபித்துக்கொள்ளவும் வழியனுப்பவும் அக்கா இல்லாத நேரத்தில் போகிறார். இதில் மகிழ்வதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலையின் கணவருடைய பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அதைத் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். தனி ஆளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

லலிதா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்று உண்டு. முரளி பேசியதைப் பதிவு செய்த ஒவ்வொரு முறையும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், அக்கா "ம், சொல்லு" என்பார். சில நாள் அவசரமாக, சில நாள் அலுப்போடு, காய்ச்சல் வந்த நாளில் கரகரப்பாக, சண்டைக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு. கணினிக்கு முரளியின் குரல் மட்டும் போதும். அதனால் அவற்றையெல்லாம் தேவையில்லாத சத்தம் என்று வெட்டி ஒதுக்கினோம். வெட்டியவற்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் முரளியிடம் சொன்னேன், அனுப்பட்டுமா என்று கேட்டேன். 

"இப்ப வேணாம். நீ வெச்சிரு" என்றார்.

வைத்திருக்கிறேன்.